பப்பாளியை நீட்டாதே: பொகோட்டாவில் தனியாகச் சுற்றும் பெண்ணுக்கு

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவுக்குத் தனியாகப் போகிறேன் என்று அந்த ஊர்க்காரர் யாரிடம் சொன்னாலும் முதலில் காதில் விழுவது "நோ தார் பப்பாயா" என்பதுதான். நேர்ப்பொருள், பப்பாளியைக் கொடுக்காதே. வெட்டித் தின்னக் காத்திருப்பவன் முன்னால் பழத்தை நீட்டாதே என்று அர்த்தம். பறிகொடுத்தவள் தலையிலேயே பழியைக் கட்டும் சொலவடை இது. அந்தப் பாதியை ஒதுக்கிவிடலாம். மறுபாதி உதவும். இந்த ஊரில் வெளியூர்க்காரர்களுக்கு நடக்கும் குற்றங்களில் பெரும்பாலானவை திட்டமிட்டு ஒருவரைத் தேடி வருபவை அல்ல, வாய்ப்பைப் பார்த்து நடப்பவை. எந்தத் தெரு, எந்த நேரம், எந்த வண்டி என்ற மூன்றையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தைரியசாலியா பயந்தாங்கொள்ளியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மலையை வைத்து ஊரைப் படிக்க வேண்டும்

முதல் வேலை, கைபேசியைப் பார்க்காமல் திசை தெரிந்துகொள்வது. நடுத்தெருவில் வரைபடத்தைத் திறந்துவைத்து நிற்பதுதான் பறிப்பவனுக்குப் பிடித்த காட்சி.

பொகோட்டாவின் கிழக்கு எல்லை முழுக்க மலைத்தொடர். உச்சியில் வெள்ளைத் தேவாலயம் தெரிகிறதே, அது மொன்செராத்தே. மலை எப்போதும் கிழக்கு. மலைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் தெருக்கள் கரேரா. மலையிலிருந்து இறங்கிக் குறுக்கே ஓடுபவை காயே. மலையைவிட்டு மேற்கே போகப்போக கரேரா எண் கூடும். நகர மையத்திலிருந்து வடக்கே போகப்போக காயே எண் கூடும். மலை உங்கள் வலப்பக்கம் இருந்தால் வடக்கே நடக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முகவரியையும் அப்படியே படிக்கலாம். "காயே 12 # 5-30" என்றால் 12ஆம் காயேயில், 5ஆம் கரேரா முனையிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டரில் வாசல். ஆக, முகவரியைக் கேட்ட மாத்திரத்தில் இடம் எங்கே என்று தெரிந்துவிடும். காயே 10 பழைய நகரம், காயே 60 சாப்பினேரோ, காயே 85 ஓட்டல்களும் மதுக்கூடங்களும், காயே 119 உசாகென்.

ஒரு பொறி உண்டு. எண்ணுக்குப் பின்னால் "சுர்" என்று இருந்தால் அது தெற்கு. எண்கள் அங்கே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஓடுகின்றன. காயே 26 வேறு, காயே 26 சுர் வேறு. இரண்டுக்கும் நடுவே பாதி நகரம். வண்டிச் செயலியில் அவசரமாகத் தட்டும்போது "சுர்" ஒட்டிக்கொண்டு, அறிமுகமே இல்லாத பேட்டையில் இரவில் இறங்கி நிற்க நேரிடும். முகவரியைத் தட்டியதும் வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள்.

திருட்டுக்கு அங்கே உள்ள பெயர்கள்

உள்ளூர்ச் செய்திகளிலும் பேச்சிலும் அடிபடும் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் எதற்கு எச்சரிக்கிறார்கள் என்பது புரியும். "கோஸ்கீயேயோ" என்பது நெரிசலில் கைவிடும் பிக்பாக்கெட். சொல்லுக்கே கிச்சுகிச்சு என்றுதான் பொருள். "ரப்போனெயோ" கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து. நம்மூர் செயின் பறிப்பு மாதிரியே. "அத்ராக்கோ" கத்தியோ துப்பாக்கியோ காட்டி வழிப்பறி. "ஃப்லெத்தெயோ" வங்கியிலிருந்து பணம் எடுத்தவரைப் பின்தொடர்ந்து போய்ப் பறிப்பது. "பசெயோ மில்யொனாரியோ", அதாவது கோடீஸ்வர உலா, டாக்சிக்குள் நடப்பது, கீழே வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் தற்காப்பு வேறு. பிக்பாக்கெட்டுக்குப் பையை முன்னால் மாட்டினால் போதும். வழிப்பறிக்கு எந்தப் பையும் உதவாது, கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கராத்தே வகுப்பையும் மிளகாய்த் தெளிப்பானையும் பரிந்துரைக்கும் கட்டுரைகளை இந்த ஊர் விஷயத்தில் நம்பாதீர்கள். கத்திக்காரன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

புறப்படுவதற்கு முன்

மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொகோட்டா நகருக்குள் அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இல்லை, உயரம் அதிகம். ஆனால் கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தலாம், ஆறு நாள் வரைக்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு தேவைப்படும் என்பதால் மூன்று வாரம் முன்னதாகவே பாருங்கள். சாந்தா மார்த்தா, அமேசான் பக்கம் இறங்கும் எண்ணமிருந்தால் இது சான்றிதழ் விவகாரம் மட்டுமல்ல, உயிர் விவகாரம்.

கொலம்பியக் குடிவரவுத் துறைக்கு "செக்-மிக்" என்ற இணையப் படிவத்தை விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். தேடினால் முதலில் வருகிற பல தளங்கள் காசு கேட்கும் இடைத்தரகர்கள். கட்டணம் கேட்டால் தளம் தவறு.

நகையை வீட்டில் விடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறி உடைக்குள் போட்டுக்கொள்ளலாம். தங்கத் தோடு, வளையல், பகட்டான கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம்.

கைபேசி விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. இரண்டு எடுத்துச்செல்லுங்கள். பழையதில் உங்கள் ஊர் சிம், வங்கிச் செயலிகள், முதன்மை மின்னஞ்சல். அது அறைப் பெட்டியில் பூட்டியே இருக்கும். வெளியே எடுத்துப்போவதில் உள்ளூர் சிம், வரைபடம், வாட்ஸாப், வண்டிச் செயலிகள் மட்டும். காரணம் இரண்டு. கைபேசி போனால் வங்கியின் ஓ.டி.பி.யும் சேர்ந்து போய், கார்டை முடக்கக்கூட வழியில்லாமல் நிற்பீர்கள். அதைவிட மோசமானது, மிரட்டி கைபேசியைத் திறக்கச்சொல்லி வங்கிச் செயலி வழியாகவே பணத்தை மாற்றிக்கொள்வது. செயலியே இல்லாத கைபேசியில் மாற்ற என்ன இருக்கிறது? *#06# என்று தட்டினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். புகார் கொடுக்கையில் கேட்பார்கள்.

கார்டும் இரண்டு. வெளிநாட்டுப் பரிவர்த்தனை இந்திய கார்டுகளில் இயல்பாக அணைந்திருக்கும்; கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இயக்கி, வெளியே எடுத்துப்போகும் கார்டின் ஏ.டி.எம். வரம்பைக் குறைத்துவையுங்கள்.

உடை பற்றி: பொகோட்டா 2,640 மீட்டரில் இருக்கிறது, ஊட்டியைவிட நானூறு மீட்டர் மேலே. வருடம் முழுக்கக் குளிர்தான், மத்தியானம் மழை. உள்ளூர்ப் பெண்கள் ஜீன்ஸ், மூடிய காலணி, அடர்நிற ஜாக்கெட் போடுவார்கள். அரைக்கால் சட்டையும் செருப்புமாக நடப்பவரை அரை மைல் தூரத்திலேயே வெளியூர்க்காரி என்று அடையாளம் கண்டுவிடுவார்கள்.

எங்கே தங்குவது

முதல் தடவை போகிறவர்கள் வடக்கே தங்குங்கள். சாப்பினேரோ ஆல்த்தோ, கின்டா கமாச்சோ, சோனா ஹே என்று சொல்லப்படும் காயே 69-70 சுற்றுவட்டம், பார்க்கே 93 பக்கம், உசாகென். இரவு உணவுக்கு நடந்துபோய்த் திரும்பலாம் என்பதுதான் இந்த இடங்களின் பெரிய வசதி. பழைய நகரமான லா கந்தெலாரியாவில் அழகான, மலிவான விடுதிகள் நிறைய. ஆனால் பொழுது சாய்ந்தபின் அந்தத் தெருக்கள் காலியாகிவிடும். அங்கே தங்கினால் ஒவ்வொரு மாலையும் வாசல்வரை வண்டிதான். மிச்சப்படுத்திய வாடகை டாக்சிக்குப் போய்விடும்.

அடுக்ககம் எடுப்பதானால் "போர்த்தெரியா 24 ஓராஸ்" இருக்கிறதா என்று கேளுங்கள்: 24 மணி நேரமும் வாசலில் காவலாளி. வருகிறவர் பெயரை எழுதாமல் உள்ளே விடமாட்டார்கள், இரவில் வண்டியிலிருந்து இறங்கும்போது வாசலில் ஒரு ஆள் நிற்பார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் வீட்டின் அழகைவிட இது முக்கியம். தரைத்தள அறை வேண்டாம். கூட்டு அறை விடுதியானால் பெண்கள் அறையைக் கேளுங்கள், சொந்தப் பூட்டு ஒன்று எடுத்துப்போங்கள்.

விமான நிலையத்திலிருந்து அறை வரை

எல் தொராதோ விமான நிலையம் நகரின் மேற்கே. பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் வருடம் முழுக்க மாலை ஆறு மணிச் சுமாருக்கு இருட்டிவிடும். கோடையில் எட்டு மணிவரை வெளிச்சம் என்ற கதையே கிடையாது. முடிந்தால் பகலில் தரையிறங்கும் விமானமாகப் பதிவுசெய்யுங்கள்.

வெளியே வரும்போதே "டாக்சி, டாக்சி" என்று நெருங்குபவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கடந்து, கட்டடத்துக்கு வெளியே உள்ள அதிகாரபூர்வ மஞ்சள் டாக்சி வரிசையில் நில்லுங்கள். நள்ளிரவில் வந்தால் விடுதியே அனுப்பும் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது உத்தமம். ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் வாட்ஸாப்பில் வரச்சொல்லுங்கள். பணம் மாற்றுவதானால் விமான நிலையத்திலேயே கொஞ்சம்போல மாற்றுங்கள். விகிதம் மோசம்தான், ஆனால் முதல் இரவுக்கு அது போதும்.

முதல் இரண்டு நாள் படியேறினாலே மூச்சு வாங்கும், தலை கனக்கும். மது வழக்கத்தைவிடச் சீக்கிரம் தலைக்கேறும். நிதானம் குறைந்த நாட்கள் என்று கணக்கில் வையுங்கள். இரவு வெளியே போகும் திட்டத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பொகோட்டாவில் அது நல்ல நீர்.

டாக்சியில் ஏறும் முறை

கோடீஸ்வர உலா எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விதிகள் தாமாகவே புரியும். தெருவில் கைகாட்டி நிறுத்திய டாக்சி. பின்னாலேயே இன்னொரு வண்டி வருகிறது. ஏதோ ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் மெதுவாக்க, இரண்டு பேர் இருபுறமும் ஏறி நடுவில் அழுத்திக்கொள்கிறார்கள். கார்டும் ரகசிய எண்ணும் வாங்கி ஏ.டி.எம். ஏ.டி.எம்.மாகச் சுற்றல். சிலசமயம் நள்ளிரவு தாண்டும்வரை பிடித்துவைப்பார்கள், மறுநாள் வரம்பையும் சேர்த்து எடுப்பதற்காக. கார்டின் வரம்பைக் குறைக்கச் சொன்னது இதற்குத்தான்.

1. தெருவில் கைகாட்டி எந்த டாக்சியையும் நிறுத்தாதீர்கள், பகலிலும்கூட. செயலி வழியாகவோ, விடுதி அல்லது உணவகத்துக்காரரைக் கூப்பிடச்சொல்லியோ மட்டும்.

2. கட்டடத்துக்குள்ளேயே நின்று காத்திருங்கள். வண்டி வந்து நின்றபின் வெளியே வாருங்கள்.

3. நம்பர் பிளேட்டைச் செயலியோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் டாக்சிகளில் அந்த எண் கதவிலும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைபேசியில் அழைத்த டாக்சியானால் ஓட்டுநர் "லா கிலாவே" கேட்பார். வழக்கமாக அழைத்தவரின் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். அவர் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு வந்த வண்டியா என்று சந்தேகியுங்கள்.

4. பின்னிருக்கையில் உட்கார்ந்து இரண்டு கதவையும் பூட்டுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள். சிக்னலில் ஜன்னலோரம் கைபேசியைப் பிடித்திருக்க வேண்டாம்.

5. பயணத்தை நம்பிக்கையான ஒருவருக்குச் செயலி வழியாகப் பகிருங்கள். ஊரில் அம்மாவுக்கு அனுப்பினால் பத்தரை மணி நேர வித்தியாசத்தில் அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். விடுதி வரவேற்பு மேசைக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

6. வழியில் யாரையாவது ஏற்ற நிறுத்தினால் வெளிச்சமும் ஆளும் உள்ள இடமாகப் பார்த்து உடனே இறங்கிவிடுங்கள். "பாரே அகீ, போர் ஃபவோர்" என்றால் இங்கே நிறுத்துங்கள்.

ஊபர், டீடி, இன்டிரைவ், காபிஃபை எல்லாம் ஓடுகின்றன. செயலி வழித் தனியார் வண்டிகளின் சட்டநிலை அங்கே நீண்டகாலமாக இழுபறியில் இருப்பதால், தெரிந்தவர் மாதிரித் தோன்ற வேண்டும் என்று முன்னிருக்கையில் உட்காரச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. கெட்ட எண்ணம் என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்காக ஒத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் ரத்துசெய்து வேறு வண்டி பிடியுங்கள். பேரம் பேசும் செயலிகளைவிட விலை நிர்ணயித்த செயலிகளே தனியாகப் போகும் பெண்ணுக்கு நல்லது. நூறு ரூபாய் சேமிக்கப் போய் மூன்று ஓட்டுநர்களுடன் பேசிக்கொண்டு தெருவில் நிற்க நேரும்.

டிரான்ஸ்மிலெனியோ என்ற சிவப்புப் பேருந்துகள், 2000இல் தொடங்கியவை, தனி வழித்தடத்தில் வேகமாகப் போகும். "துயாவே" கார்டில் பணம் ஏற்றி ஏறலாம். காலை 6 முதல் 9, மாலை 4.30 முதல் 7.30 வரை நெரிசலில் பிக்பாக்கெட்டும் உரசல்காரர்களும் சேர்ந்தே வருவார்கள். அந்த நேரத்தைத் தவிருங்கள். மற்ற நேரங்களில் போகலாம். பை முன்னால், கைபேசி அதற்குள், கதவோரம் நிற்க வேண்டாம்: கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்குவது பழைய உத்தி.

பகலில் எங்கே, எப்படி

லா கந்தெலாரியாவுக்கு வேலைநாள் காலையில் போங்கள். சுற்றிலும் பல்கலைக்கழகங்கள், மாணவர் கூட்டம் இருக்கும்வரை தெருக்கள் உயிரோடு இருக்கும். தங்க அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, பொத்தேரோ அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. மாற்றிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவு முன்னால் அலைய வேண்டாம். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மலைப்பக்கம், 2ஆம் கரேராவுக்கு மேலே எகிப்தோ பேட்டையை நோக்கித் தனியாக ஏறாதீர்கள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பேட்டைக்காரரே வழிகாட்டும் நடைக்குச் சேருங்கள். எதிர்த்திசையில், பொலிவார் சதுக்கத்திலிருந்து மேற்கே 10ஆம் கரேராவைத் தாண்டினால் சான் விக்தொரீனோ சந்தை, அதற்கப்பால் லாஸ் மார்த்திரேஸ், சாந்தா ஃபே பேட்டைகள். மூன்றே தெரு நடந்தால் ஊரின் முகம் மாறிவிடும். அங்கே வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்.

மொன்செராத்தே 3,152 மீட்டர். கேபிள் காரும் இழுவை ரயிலும் உண்டு. நடந்து ஏறும் பாதைக்குச் செவ்வாய் விடுமுறை. சனி, ஞாயிறு காலையில் பக்தர்களும் ஓட்டக்காரர்களுமாகக் கூட்டம் இருக்கும், அப்போது ஏறுங்கள். வழிப்பறி பாதையில் நடப்பதைவிட, நகரத்திலிருந்து மலையடிவாரத்துக்கு நடந்துபோகும் அந்தச் சின்னத் தூரத்தில்தான் அதிகம் பேசப்படுகிறது. அடிவார நிலையம்வரை வண்டியில் போய் வண்டியிலேயே திரும்புங்கள்.

தனியாக வந்த பெண்ணுக்கு இந்த ஊரில் ஆகச்சிறந்த நேரம் எது என்றால் ஞாயிறு காலை. 1974இலிருந்து நடக்கும் சிக்லொவியா: ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் காலை 7 முதல் மதியம் 2 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் சாலையை வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் திறந்துவிடுகிறார்கள். குழந்தைகள், பாட்டிகள், நாய்கள், பழச்சாறு வண்டிகள். ஏழாம் கரேராவில் வடக்கேயிருந்து நடக்கத் தொடங்கினால் ஊரே துணைக்கு வரும். இரண்டு மணிக்குத் தடுப்புகளை எடுத்ததும் கூட்டம் சட்டென்று கரையும். அதற்குள் திரும்பும் வழியில் இருங்கள்.

பணம்

புதிய நோட்டுகளில் மூன்று சைபரை விட்டுவிட்டு "மில்" என்று அச்சடித்திருக்கிறார்கள்: 2 மில், 20 மில், 50 மில். 5-க்கும் 50-க்கும் அவசரத்தில் குழம்பும். அறையிலேயே பரப்பிவைத்து நிறத்தைப் பழகுங்கள். ஆயிரம் பெசோ இருபது ரூபாய்ச் சொச்சம்.

ஏ.டி.எம். என்றால் பெரிய வணிக வளாகத்துக்கு உள்ளே, பகலில் மட்டும். உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த விகிதம் கொள்ளை. எடுத்தவுடன் தெருவுக்கு வராமல் உள்ளேயே ஒரு காபி குடித்துவிட்டு வண்டி வரவழைத்துக் கிளம்புங்கள், ஃப்லெத்தெயோவுக்கு அதுவே தடை. கடையில் கார்டு நீட்டினால் "அ குவாந்தாஸ் குவோத்தாஸ்?" என்பார்கள். எத்தனை தவணை என்று கேட்கிறார்கள். "ஊனா" என்று சொல்லுங்கள்.

சட்டைப்பையில் ஒரு மலிவான பர்ஸ், அதில் ஐம்பது அறுபது மில், காலாவதியான ஒரு கார்டு. கேட்பவனுக்குக் கொடுக்க இது. உண்மையான கார்டும் மீதிப் பணமும் இடுப்புக்குள். கடவுச்சீட்டு அறையில், நகல் கையில்.

சீருடை இல்லாமல் வந்து நான் போலீஸ், கள்ளநோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டு என்பவன் போலீஸ் இல்லை. அப்படி ஒரு சோதனையே கிடையாது. "வாமோஸ் அல் காய்" என்று சொல்லி நடக்கத் தொடங்குங்கள். காய் என்பது பேட்டைதோறும் இருக்கும் சிறிய காவல் சாவடி; நிஜப் போலீஸ்காரருக்கு அங்கே வருவதில் ஆட்சேபம் இருக்காது.

இரவும் ஊமத்தையின் உறவும்

பொகோட்டாப் பூங்காக்களில் தலைகீழாய் மணி மணியாகத் தொங்கும் பெரிய பூக்கள் கொண்ட சிறுமரம் ஒன்றைப் பார்ப்பீர்கள். போர்ராசேரோ என்பார்கள். நம்மூர் ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தையில் உள்ள அதே ஸ்கொப்பொலமின் இதிலும் உண்டு. அந்த நஞ்சைப் பானத்தில் கலந்து கொள்ளையடிப்பது கொலம்பியாவில் பழைய குற்றம். தெருப்பெயர் புருந்தாங்கா.

பயங்கரம் எங்கே இருக்கிறதென்றால், மயங்கி விழுந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். இதில் அப்படி ஆவதில்லை. உள்ளே போனவர் நடப்பார், பேசுவார், சொன்னதையெல்லாம் செய்வார். காவலாளியிடம் "இவர் என் நண்பர்" என்று தானே சொல்லிக் கூட்டிப்போவார். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அளவு கூடினால் உயிரே போகும். காகிதத்தில் தடவி முகத்தில் ஊதுவார்கள் என்ற கதைகள் இணையத்தில் நிறைய. கவலைப்பட வேண்டியது வாய்க்குள் போவதைப் பற்றி.

பாட்டிலை உங்கள் கண்முன்னால் திறக்கச்சொல்லுங்கள், மூடியை வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போனால் பானம் முடிந்தது என்று அர்த்தம், திரும்பிவந்து புதிதாக வாங்குங்கள். புது அறிமுகம் நீட்டும் சிகரெட், சூயிங்கம், மிட்டாய் வேண்டாம். பெண் கொடுத்தாலும்தான்; இந்தக் கும்பல்களில் பெண்கள் சகஜம். டேட்டிங் செயலி வழியாக நடக்கும் கொள்ளைகள் பெரும்பாலும் ஆண்களைக் குறிவைப்பவை. அதை நம்பி நீங்கள் தளர்ந்துவிடலாகாது. முதல் சந்திப்பு பகலில், காபிக் கடையில், நீங்கள் தேர்ந்த இடத்தில். தங்குமிடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

குடித்த அளவுக்குப் பொருந்தாத அடையாளங்கள் தெரிந்தால், அதாவது வாய் வறண்டு, பார்வை மங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சு குழறினால், அறைக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று கிளம்பாதீர்கள். தனியாக வண்டியில் ஏறுவது இந்த நேரத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். மதுக்கூட ஊழியரிடம், முடிந்தால் பெண் ஊழியரிடம், "மே த்ரோகாரோன்" என்று சொல்லுங்கள்: எனக்கு ஏதோ கொடுத்துவிட்டார்கள். கூட ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றால் "நோ லோ கொநோஸ்கோ", இவனை எனக்குத் தெரியாது. 123க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் உடனே எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த நஞ்சு உடலில் நீண்டநேரம் தங்குவதில்லை, தாமதித்தால் சோதனையில் அகப்படாது.

வாய்ச்சீண்டல்

தெருவில் "மமசீத்தா" வகையறாக்கள் காதில் விழும். பதில் வேண்டாம், பார்வையும் வேண்டாம், வேகத்தைக் குறைக்காமல் நடங்கள். ஆனால் காய்கறிக்கடை அம்மா "மி அமோர்" என்றோ "ரெய்னா" என்றோ கூப்பிட்டால் அது நம்மூர் "கண்ணு", "ராசாத்தி" மாதிரி, சீறிவிழ வேண்டாம்.

பேருந்தில் யாராவது தொட்டால் சத்தம் போடுங்கள். அங்கே அதற்குக் கூட்டம் திரும்பும். "ரெஸ்பெத்தே!" என்பது மரியாதையாக நட என்ற அதட்டல். "மே எஸ்தா தொக்காந்தோ!" என்றால் என்னைத் தொடுகிறான். பாலியல் தொந்தரவு 2008ஆம் ஆண்டின் 1257ஆம் சட்டப்படி குற்றம். நிலையக் காவலரிடம் சொல்லலாம். பின்தொடர்கிறான் என்று தோன்றினால் மருந்துக்கடைக்குள் நுழைந்து "மே எஸ்தான் சிகியெந்தோ" என்று சொல்லி, அங்கிருந்தே வண்டி வரவழையுங்கள்.

நடந்துவிட்டால்

வழிப்பறி என்றால் கொடுத்துவிடுங்கள். கையை மெதுவாக அசைத்து, முகத்தை உற்றுப் பார்க்காமல். கைபேசிக்காகப் போராடிக் குத்துப்பட்டவர்கள் உண்டு.

அவன் போனபின் வெளிச்சமுள்ள கடைக்குள் போங்கள், அங்கிருந்து 123. அறைக்கு வந்ததும் பழைய கைபேசியிலிருந்து கார்டை முடக்கி, தொலைந்த கைபேசியைத் தொலைவிலிருந்து பூட்டி, வாட்ஸாப்பை மீட்டெடுங்கள். கைபேசி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பைத் திறந்து கடவுச்சொல்லைப் போடு என்று சில நாளில் ஒரு செய்தி வரலாம். அதைத் தொடாதீர்கள், திருடிய கைபேசியைத் திறக்க அவர்கள் விரிக்கும் வலை அது.

பாலியல் வன்முறை என்றால் முதலில் மருத்துவமனை, பிறகுதான் போலீஸ். எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். கொலம்பியச் சட்டப்படி அது மருத்துவ அவசரம். புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை, காப்பீடு இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தடை மருந்தும் அங்கேயே தருவார்கள். குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் பழைய உடையைக் காகிதப் பையில் போட்டு எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். நகர நிர்வாகத்தின் லீனியா புர்ப்புரா, ஊதா லைன், பெண்களுக்காக 24 மணி நேரமும் இயங்குகிறது: 018000112137. நாடு முழுவதற்குமான பெண்கள் வழிகாட்டு எண் 155. இரண்டிலும் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்பதால் விடுதிக்காரப் பெண்ணையோ மருத்துவமனைச் சமூகப் பணியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

காவல் புகாருக்கு "தெனுன்சியா" என்று பெயர். சிறிய திருட்டுக்கு "அ தெனுன்சியார்" என்ற காவல்துறை இணையதளத்திலேயே பதியலாம். கடவுச்சீட்டு போயிருந்தால் அந்தப் புகாரின் நகலோடு பொகோட்டாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும், இரண்டு புகைப்படம் பெட்டியில் இருந்தால் அலைச்சல் மிச்சம். காப்பீட்டு நிறுவனமும் தெனுன்சியா நகல் இல்லாமல் பேசாது. நகலை வாங்கியதும் கடவுச்சீட்டு எண், பெயரின் எழுத்துகள், சம்பவத் தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். நம் பெயர்களை இரண்டு குடும்பப்பெயராகப் பிரித்து எழுதிவிடுவது அங்கே வழக்கம். ஊருக்குத் திரும்பியபின் அதைத் திருத்துவது பெரும்பாடு.